நாலாம் நம்பர் பனியன்

துபாய்
12.9.2024

அன்புள்ள சேது,

நலமா? நாகவள்ளியும் குழந்தையும் ஊரில் நலம் என்று ரிபாய் பாய் சொன்னார். உன் நம்பருக்கு மூன்று முறை வாட்ஸ்அப் அனுப்பினேன். ஒரே டிக்கோடு நிற்கிறது. தேராவில் பாயின் ஏலக்காய்க் கடைக்குப் போய்க் கேட்டேன். "சார், அவரு ஒங்கள பிளாக் பண்ணி வருசக்கணக்காச்சு. எழுதிக் குடுங்க, மாசாமாசம் குவைத்துல, ஃபஹாஹீல்ல தம்பி கடைக்குப் போறேன்ல, குடுத்துர்றேன்" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் சேவல் வாலிபால் அணிக்கு இருபது வயது ஆகிறது. நவம்பரில் விழா எடுக்கிறோம். விழா மலர் ஒன்று போடுகிறோம். அணியின் வரலாறு எழுதும் பொறுப்பு, தலைவர் என்ற முறையில், என் தலையில் விழுந்தது. 2004இல் சோனாப்பூர் லேபர் கேம்பின் பின்பக்கம் சைட்டிலிருந்து பச்சை வலை கொண்டு வந்து, சாரக்கட்டுக் குழாய் இரண்டை மண்ணில் நட்டு, ஜிப்சம் பொடியால் கோடு போட்டு ஆரம்பித்த கதையிலிருந்து தொடங்குகிறேன். விடியற்காலை டூட்டி பஸ்ஸுக்கு ஆட்களை எழுப்ப வீரபாண்டி சேவல் மாதிரிக் கூவுவானே, அந்தக் கூவல்தான் அணிக்குப் பெயரானது என்பதையும் எழுதிவிட்டேன். இப்போது நாம் ஏ.சி. ஹாலில் ஆடுகிறோம். பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சி இருக்கிறது. நீ வந்து பார்த்தால் நம்ப மாட்டாய்.

ஒரு உதவி வேண்டும். 2012 இறுதிப் போட்டியில் நாலாம் நம்பர் பனியன் வலைக்கு மேலே எழும்பி நிற்கிற படம். கேம்ப் போட்டோகிராபர் பிரின்ட் போட்டு உன்னிடம்தான் கொடுத்தார். எங்களிடம் இருப்பது மங்கலான பிரதி. மலரின் நடுப்பக்கத்துக்கு அது வேண்டும்.

பெயர்கள் லீக் பதிவேட்டில் உள்ளபடியே வரும். காரணம் உனக்குத் தெரியும். சுரேஷ்குமாருக்குச் சாதனையாளர் கேடயம் கொடுப்பதாகக் கமிட்டி முடிவு செய்திருக்கிறது. நீ தவறாக எடுத்துக்கொள்ள மாட்டாய் என்று நம்புகிறேன்.

அன்புடன்
அனந்தகிருஷ்ணன்

*

ஃபஹாஹீல், குவைத்
27.9.2024

அனந்தகிருஷ்ணன் சார் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று நீங்களே முடிவு செய்து எழுதிவிட்ட பிறகு நான் எப்படி எடுத்துக்கொண்டால் என்ன?

குழந்தை என்று எழுதியிருக்கிறீர்கள். தன்யா இப்போது பத்தாம் வகுப்பு. பரமக்குடி அரசுப் பள்ளி வாலிபால் டீமில் ஆடுகிறாள். இடதுகை அடி. நீங்கள் கேட்கிற படம் என் வீட்டுச் சுவரில்தான் மாட்டியிருக்கிறது. மூன்று வயதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள். "எங்க அப்பா துபாய்ல சாம்பியன்" என்று பள்ளி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

போன வாரம் உங்கள் விழாவுக்கு நெட்டில் விளம்பரம் போட்டீர்கள். அதே படம். கீழே "சாதனையாளர் சுரேஷ்குமார்" என்று கொட்டை எழுத்து. டீம் பிள்ளைகள் அதை அவளிடமே காட்டிச் சிரித்திருக்கிறார்கள். அன்று சாயங்காலம் போன் பண்ணினாள். "அப்பா, இது நீங்கதான? நம்ம வீட்டுல இருக்கிற படம்தான? ஏன் வேற ஆள் பேரு போட்ருக்காக?" என்று கேட்டாள். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன் சார். பெற்ற பிள்ளையிடம் சிக்னல் இல்லை என்று பொய் சொல்ல வைத்தீர்கள்.

படம் தருகிறேன். ஒரு நிபந்தனை. படத்துக்குக் கீழே "சேதுபதி" என்று போடுங்கள். வேறு ஒரு வார்த்தையும் வேண்டாம். கேடயத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள். ஏலக்காய் வியாபாரி ரிபாய் பாய்க்குக்கூடக் கொடுங்கள், எனக்கு ஒன்றுமில்லை. அந்தக் கால் என் கால், அந்தக் கை என் கை, பெயரும் என்னுடையதாக இருக்கட்டும்.

இப்படிக்கு
சேதுபதி

*

துபாய்
10.10.2024

அன்புள்ள சேது,

உன் கோபம் நியாயமானது. ஆனால் கொஞ்சம் என் இடத்திலிருந்தும் பார்.

அது கம்பெனிகளுக்கு இடையிலான லீக். அந்தந்தக் கம்பெனியின் சொந்த விசாவில் உள்ள ஆள்தான் ஆடலாம். நீ எங்கள் கேம்பில் தூங்கி, எங்கள் சைட்டில் கம்பி கட்டினாலும், உன் விசா எங்களுக்குக் கூலியாள் அனுப்பும் சப்ளை கம்பெனி விசா. ஸ்டோரில் இருந்த சுரேஷ்குமாரின் லேபர் கார்டில் உள்ள போட்டோ உன் சாடையில் இருந்தது. அந்தக் கார்டை உன் கழுத்தில் மாட்டி மூன்று சீசன் ஆட வைத்தது நான்தான். மறுக்கவில்லை. ஆனால் உன்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. "பேருல என்ன சார் இருக்கு, பந்தைப் போடுங்க" என்று சிரித்தவன் நீ.

இன்றைக்குப் படத்தின் கீழே உன் பெயரைப் போட்டால் என்ன ஆகும்? நாளைக்கே ஜெபல் அலி கேம்ப்காரர்கள் லீக் ஆபீஸில் போய் நிற்பார்கள். அன்று தோற்றவர்கள் இன்னும் மறக்கவில்லை. இருபது வருஷத்தில் நாம் ஜெயித்த ஒரே கோப்பை அது. அந்தக் கோப்பையைக் காட்டித்தான் ஹால் கிடைத்தது, ஸ்பான்சர் கிடைத்தார், இத்தனை பிள்ளைகள் வந்தார்கள். உன் ஒருவன் பெயருக்காக அத்தனையையும் கவிழ்க்கச் சொல்கிறாயா?

உன் பெயரை விட்டுவிட மாட்டேன். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் பகுதி இருக்கிறது. அதில் கட்டாயம் வரும். தன்யாவுக்கு நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். வளர்ந்த பிள்ளை, புரிந்துகொள்வாள்.

அனந்தகிருஷ்ணன்

*

ஃபஹாஹீல்
25.10.2024

சார்,

"பேருல என்ன இருக்கு" என்று சொன்னேன்தான். வாய் நிறையச் சிரித்துக்கொண்டு சொன்னேன். கேலரியில் "சுரேஷ், சுரேஷ்" என்று கத்தும்போது என் உடம்பு சிலிர்த்ததும் உண்மை. கூலிக்கு வந்தவனுக்கு எந்தப் பெயரில் கை தட்டினாலும் இனிக்கத்தான் செய்யும். அந்தத் தப்பில் என் பங்கை நான் யார் தலையிலும் கட்டவில்லை.

ஆனால் வரலாறு எழுதுகிறவர் பாதியில் பேனாவை மூடக்கூடாது. மீதியை நான் சொல்கிறேன்.

2012 மார்ச் ஒன்பது, வெள்ளிக்கிழமை. கடைசி செட், பதிமூன்றுக்குப் பதிமூன்று. வீரபாண்டி லிஃப்ட் போட்டான். எழும்பி அடித்தேன். அந்த நொடிதான் நீங்கள் கேட்கிற படம். இறங்கும்போது முழங்காலுக்குள் ஏதோ அறுந்தது. அடுத்த பாயின்டுக்கு ஒற்றைக் காலில் நின்றேன். ஜெயித்ததும் விழுந்துவிட்டேன். ஆம்புலன்ஸ்காரன் கழுத்தில் கிடந்த கார்டைப் பார்த்து சுரேஷ்குமார் என்று எழுதினான். ஆஸ்பத்திரியிலும் அதே பெயர். ஆபரேஷனும் அதே பெயரில்.

ஒன்பது நாள் சுரேஷ்குமாராகப் படுத்திருந்தேன். அசல் சுரேஷ்குமார் முழுச் சம்பளத்தோடு சிக் லீவில் ரூமுக்குள் ஒளிந்து கிடந்தார். சேதுபதி என்கிற ஆள் மட்டும் டூட்டிக்கு வராமல் காணாமல் போயிருந்தான். நாலாவது நாள் சப்ளை கம்பெனி ஃபோர்மேனுக்கு போன் பண்ணினேன். "ஆஸ்பிடல் பேப்பர் லாவ் பாய்" என்றான். என்ன பேப்பரைக் காட்டுவேன்? காலில் இருந்த கட்டு என்னுடையது, காகிதம் வேறு ஒருவருடையது.

அன்று சாயங்காலம் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தீர்கள். ஆட்களின் வருகைப் பதிவைப் பார்க்கிற டைம் ஆபீஸ் நீங்கள். படுத்திருப்பது சேதுபதிதான் என்று நீங்கள் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்று கும்பிட்டேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று உங்கள் மலரில் இருக்காது. என் மண்டையில் இருக்கிறது. "ஆட்சேபம் சொல்ல மூணு வாரம் டைம் இருக்கு சேது. முப்பதாம் தேதி வரைக்கும் பொறு. அப்புறம் கோப்பையை யாரும் கேட்க முடியாது. நான் எல்லாத்தையும் சரி பண்ணிடறேன்."

பொறுத்தேன். எட்டாம் நாளே ஓடிப்போனவன் என்று என் மேல் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கட்டோடு நொண்டிக்கொண்டு போய் நின்றால், "பேப்பர் மாஃபி? கலாஸ்", அதாவது பேப்பர் இல்லையென்றால் முடிந்தது என்று விசாவைக் கேன்சல் அடித்து, ஒரு வருஷத் தடையும் போட்டு ஏற்றி அனுப்பினார்கள். முப்பதாம் தேதி நான் பரமக்குடியில் இருந்தேன். நீங்கள் கேம்பில் கேக் வெட்டியதாக வீரபாண்டி சொன்னான்.

அந்த ஒரு வரி உங்களுக்கு அவ்வளவு பாரமா சார்?

இங்கே குவைத்தில் மெடிக்கல் எடுத்தபோது டாக்டர் முழங்கால் தழும்பைப் பார்த்து ஆபரேஷன் பேப்பர் கேட்டார். கீழே விழுந்தேன், நாட்டு வைத்தியம் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் இருக்கிறது. ஏணி ஏற முடியாது. டூல் ரூமில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறேன். கடைசியில் நானும் ஸ்டோர்காரனாகத்தான் ஆனேன். இந்த விஷயத்தில் மட்டும் நானும் சுரேஷ்குமாரும் ஒன்று.

படம் கிடையாது. நன்றிப் பகுதியும் வேண்டாம்.

சேதுபதி

*

துபாய்
24.11.2024

அன்புள்ள சேது,

விழா நல்லபடியாக முடிந்தது. மலர் ஒன்று ரிபாய் பாயிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். மங்கலான படத்தையே போட்டோம். நீ வேண்டாம் என்று எழுதியிருந்தாலும் மனசு கேட்கவில்லை. நாற்பத்தாறாம் பக்கத்தில் உன் பெயர் இருக்கிறது.

நீ எழுதியதை நான்கைந்து முறை படித்தேன். அப்போது எனக்கு வயது இருபத்தொன்பது. என்னை வேலைக்கு எடுத்த மேனேஜர்தான் லீக் கமிட்டியில் உட்கார்ந்திருந்தார். ஆட்கள் பட்டியலில் கையெழுத்து என்னுடையது. விஷயம் வெளியே வந்திருந்தால் உன்னோடு சேர்ந்து நானும் பிளேன் ஏறியிருப்பேன். வீட்டில் பத்மா எட்டு மாதக் கர்ப்பம். நான் பயந்தேன், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கார்டு இல்லாவிட்டால் உன் காலுக்கு ஆபரேஷனே நடந்திருக்காது. சப்ளை கம்பெனி உனக்கு இன்சூரன்ஸா எடுத்து வைத்திருந்தது? அதையும் நினைத்துப் பார்.

நடந்தது நடந்துவிட்டது. இனியாவது பிளாக்கை எடு.

அனந்தகிருஷ்ணன்

*

ஃபஹாஹீல்
8.12.2024

சார்,

மலர் வந்தது. வழுவழுப்பான தாள். நாற்பத்தாறாம் பக்கத்தைப் பார்த்தேன். "வலை கட்டியும் தண்ணீர் சுமந்தும் உதவியவர்கள்" என்ற தலைப்பின் கீழ் பதினோரு பெயர்கள். எட்டாவதாக நான். எதிரி திட்டினால்கூட இவ்வளவு சுத்தமாகத் திட்ட மாட்டான்.

ரிபாய் பாய் விழாவுக்கு வந்திருந்தாராம். சுரேஷ்குமார் கேடயத்தை வாங்கிக்கொண்டு மைக்கில், "நான் பெருசா ஒண்ணும் பண்ணலைங்க" என்றாராம். என்ன அடக்கம் என்று ஹாலே எழுந்து நின்று கை தட்டியதாம். பாய் சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். மேடையில் நின்ற ஆட்களில் உண்மை பேசியவர் அவர் ஒருவர்தான்.

இத்தோடு விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். நாய் வாலை நிமிர்த்த நான் யார்? ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு போன் பண்ணினேன்.

அதற்கு முன்பே தன்யாவிடம் உண்மையைச் சொல்லியிருந்தேன். நீங்கள்தானே சொன்னீர்கள், வளர்ந்த பிள்ளை, புரிந்துகொள்வாள் என்று. புரிந்துகொண்டாள் சார். நன்றாகவே புரிந்துகொண்டாள். பக்கத்துத் தனியார் பள்ளி டீம் மாவட்டப் போட்டிக்குப் போகிறது. அங்கே ஒரு பெண்ணுக்குக் கை முறிந்துவிட்டதாம். அவள் பெயரில் சர்டிபிகேட் தயாராக இருக்கிறது, இடதுகை அடிக்காரி வேண்டும், நீ வந்து ஆடு என்று அந்தப் பள்ளி மாஸ்டர் கூப்பிட்டிருக்கிறார். பிள்ளை என்னிடம் அனுமதி கேட்டாள்.

"வேண்டாம்மா" என்றேன்.

"ஏன்ப்பா, நீங்க மட்டும் வெளாண்டீகல்ல? ஜெயிச்சீகல்ல?"

"அதான் சொல்றேன், வேண்டாம்."

"ஒங்க படத்தத்தான் பன்னெண்டு வருசம் கழிச்சும் போடுறாக. பேரு யாருதா இருந்தா என்னப்பா?"

நான் அன்று சிரித்துக்கொண்டு சொன்ன அதே வார்த்தை. யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நாகவள்ளி போனை வாங்கி, "அவளத் திட்டாதீக, ஒங்களப் பாத்துத்தான் வளந்துச்சு" என்றாள். நான் திட்டவே இல்லை. தப்பு செய்தவன் ஜெயித்தவனாகவே சுவரில் தொங்கினால், பிள்ளைக்கு அது தப்பு என்று எப்படித் தெரியும்?

அதனால் ஒன்று செய்துவிட்டேன். லீக் ஆபீஸுக்கு எழுதிவிட்டேன். 2012 இறுதிப் போட்டியில் சுரேஷ்குமார் பெயரில் ஆடியவன் நான், சேதுபதி, தகப்பன் பெயர் இன்னது, விசா இன்னது என்று எழுதி, அன்று ஆஸ்பத்திரியில் சுரேஷ்குமார் பெயரில் கொடுத்த எக்ஸ்ரேயையும் என் முழங்காலின் இப்போதைய எக்ஸ்ரேயையும் சேர்த்து வைத்தேன். நீங்கள் கேட்ட படமும் போயிருக்கிறது, அசல் பிரின்ட். நாகவள்ளி சுவரிலிருந்து கழற்றி அனுப்பினாள்.

கோப்பையைக் கேட்டு ஆள் வரும். துடைத்து வையுங்கள்.

உங்கள் ஹாலில் ஆடுகிற பிள்ளைகளை நினைத்தால் வருத்தம்தான். பொய்யாகச் சொல்லவில்லை. ஆனால் என் பிள்ளை அவர்களை விட எனக்குக் கொஞ்சம் பக்கம்.

சேதுபதி

*

துபாய்
19.1.2025

சேது,

நேற்று கோப்பையை லீக் ஆபீஸில் ஒப்படைத்துவிட்டு வந்தேன். ஜெபல் அலிகாரர்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது. ஸ்பான்சர் விலகிவிட்டார். ஹாலை மார்ச்சோடு காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு வேறு இடம் பார்க்கிறேன். மறுபடி மண்ணில்தான் கோடு போட வேண்டுமோ என்னவோ. சுரேஷ்குமார் கேடயத்தை ஒரு கவரில் போட்டு என் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பெல்கூட அடிக்கவில்லை.

லீக் உத்தரவின் நகல் இதோடு இருக்கிறது. ஆள்மாறாட்டம் செய்ததற்காக உனக்கு ஆயுள் தடை. உன் பெயர் அதில் ஐந்து இடத்தில் வருகிறது. கேட்டது கிடைத்துவிட்டதா?

நான் கேட்க நினைத்தது வேறு. உத்தரவை முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். உன் கடிதத்தின் நகலையும் வாங்கிப் படித்தேன். கார்டை மாட்டியது யார், பட்டியலில் கையெழுத்துப் போட்டது யார், ஆஸ்பத்திரிக்கு வந்து பொறு என்று சொன்னது யார், எதையுமே நீ எழுதவில்லை. "நானே கார்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன்" என்று எழுதியிருக்கிறாய். கமிட்டிக்காரர்கள் என் முதுகில் தட்டி, "பாவம் சார் நீங்க, ஏமாந்துட்டீங்க" என்கிறார்கள்.

ஏன் இப்படிச் செய்தாய்? என் மேல் இரக்கமா? உன் இரக்கம் எனக்கு வேண்டாம். பத்மா உன் கடிதங்களையெல்லாம் படித்துவிட்டாள். ஒரு வாரமாக என்னிடம் பேசவில்லை.

அனந்தகிருஷ்ணன்

*

ஃபஹாஹீல்
2.2.2025

சார்,

உத்தரவு வந்தது. ஐந்து இடம் என்பதை நானும் எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு வருஷம் கழித்து அந்த ஆட்டத்தில் என் பெயர் ஏறியிருக்கிறது. ஏமாற்றியவன் என்ற இடத்தில்தான் ஏறியிருக்கிறது. இருந்தாலும் என் பெயர். தன்யாவுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். படித்துவிட்டு இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் அந்த மாஸ்டரிடம் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். போன வாரம் வேறு ஒரு போட்டியில் தன் பள்ளிக்காகவே ஆடினாள்; முதல் ரவுண்டிலேயே நேர் செட்டில் தோற்றார்கள். "ஒங்களாலதான் மாவட்டத்துக்குப் போக முடியாமப் போச்சு" என்று இன்னும் கோபமாகத்தான் இருக்கிறாள். அந்தக் கோபம் எனக்கு வேண்டும் சார்.

சுவரில் படம் இருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்திருக்கிறதாம். வேறு எதுவும் மாட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இரக்கமா என்று கேட்டீர்கள். இரக்கமெல்லாம் இல்லை. என் தப்பை நான் எழுதினேன். உங்கள் தப்பை நான் எழுதினால் அது குற்றச்சாட்டாகப் போய்விடும். நீங்கள் மறுப்பீர்கள், நான்கு பேர் உங்கள் பக்கம் பேசுவார்கள், பத்மா அம்மாகூட உங்களை நம்பிவிடலாம். நீங்களே எழுதினால்தான் அது வரலாறு. எழுதத் தெரிந்தவர் நீங்கள்தானே. டைம் ஆபீஸிலிருந்து அன்றைக்குக் கேட்ட அதே ஒரு வரிதான், இப்போது லீக் ஆபீஸுக்கு எழுத வேண்டும்.

உத்தரவுக்குப் பதில் சொல்ல மார்ச் முப்பதாம் தேதி வரை டைம் இருக்கிறது என்று கீழே போட்டிருக்கிறது. பார்த்திருப்பீர்கள்.

அதுவரைக்கும் பொறுக்கிறேன் சார். எனக்குப் பொறுத்துப் பழக்கம்.

சேதுபதி